அப்பாவின் ஆகாய விமானம்

எனக்கு ஆகாய விமானம் ஓட்டத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. இருந்தும் 2023-ம் வருஷம் சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாளொன்றுக்கு நாலு விமானமாவது விழுந்து நொறுங்கிக்கொண்டிருந்தது. காலைக் காப்பிக்குப் பின் ஒன்று, பத்திரிகை படித்து முடித்ததும் ஒன்று, பகல் தூக்கம் கலைந்த பிறகு இரண்டு. எல்லாம் ஒரே இடத்தில்தான்: மீனம்பாக்கத்து ஓடுபாதைக்கு இருநூறு முந்நூறு கஜம் இப்பால். உயிர்ச் சேதம் இல்லை. கம்ப்யூட்டர் திரைக்குள் நடக்கிற விஷயம். ஒரு பொத்தானைத் தட்டினால் நொறுங்கின விமானம் முழுசாக எழுந்து நிற்கும்.

அப்பாதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அப்பா மீனம்பாக்கத்தில் வானிலை ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். விமான நிலையம் என்றதும் நமக்கெல்லாம் விமானிதான் ஞாபகத்துக்கு வருவார். அந்த விமானி இறங்குவதற்கு முன், காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை வேகத்தில் வீசுகிறது, எத்தனை தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதி வைக்க ஒரு மனிதன் வேண்டுமே, அந்த மனிதர்களில் ஒருவர் அவர். சின்ன வயசில் நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஹைட்ரஜன் அடைத்த வெள்ளை பலூனைப் பறக்கவிடுவார்கள். அப்பா தியோடலைட் என்ற கருவியின் முன்னால் நின்று, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் இரண்டு திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியபடி பலூனைப் பின்தொடர்வார். நிமிஷத்துக்கு ஒரு தரம் கோணத்தை வாசிப்பார். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். பலூன் போன போக்கிலிருந்து, ஆயிரம் அடியில் காற்று எப்படி, மூவாயிரம் அடியில் எப்படி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ராத்திரியானால் பலூனுக்கு அடியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டி விடுவார்கள். அத்தனை நட்சத்திரங்களுக்கு நடுவே அந்த ஒரு விளக்கைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டு போவது லேசான காரியம் அல்ல. அதற்குக் கை வேண்டும்.

அந்தக் கைதான் இப்போது நடுங்க ஆரம்பித்திருந்தது.

அம்மா காலமான மறு வருஷம் அப்பா தெருமுனையில் ஸ்கூட்டரோடு விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை. வீட்டுக்கு வந்து சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அதை அவர் கேட்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயசுக்கு ஏற்ற நடுக்கம்தான், பயப்படும்படியான வியாதி ஏதும் இல்லை என்று அவர் சொன்னார். அப்பா அதை நம்பினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அதே சமயத்தில் பாங்கிலிருந்து ஒரு செக், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் காட்டவில்லை. துணி துவைக்கப் போடும்போது நான்தான் எடுத்தேன்.

இந்த நிலைமையில்தான் தீபாவளிக்கு வந்திருந்த என் தங்கை பையன், தாத்தா ஊஞ்சலில் சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, நான் நாவல் எழுதுகிற கம்ப்யூட்டரில் அந்த விமான விளையாட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போனான். கையில் பிடித்து ஆட்டுவதற்கு ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வைத்தான். முப்பத்தாறு வருஷ வேலையில் மூன்றே தடவை விமானம் ஏறியவர், அதுவும் மூன்று தடவையும் றெக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து போனவர், எழுபத்தாறாவது வயசில் முன் ஆசனத்துக்கு வந்து சேர்ந்தார்.

விளையாட்டு என்று சொன்னால் இந்தத் துறைக்காரர்களுக்குக் கோபம் வரும். வருவதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் ஆர்கன் வாத்தியமும் பியானோவும் செய்கிற ஒரு தொழிற்சாலைக்காரரின் பிள்ளை, எட்வின் லிங்க் என்று பெயர், 1929-ல் ஒரு பெட்டி செய்தார். வாத்தியத்துக்குக் காற்று ஊதுகிற துருத்திகளை வைத்துக்கொண்டே, விமானம் சாய்கிற மாதிரி சாய்ந்து, நிமிர்கிற மாதிரி நிமிர்கிற பெட்டி. முதலில் அதைப் பொருட்காட்சிகளில் காசு போட்டு ஏறி ஆடுகிற சாமானாகத்தான் ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, மேகத்திலும் பனியிலும் வழி தெரியாமல் சில வாரங்களுக்குள் பல விமானிகளைப் பறிகொடுத்தது. அப்போதுதான் அந்தப் பெட்டியின் ஞாபகம் வந்து ஆறு பெட்டி வாங்கினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான பையன்கள் அதில் உட்கார்ந்து பழகினார்கள். விமானம் ஓட்டுகிற கலையை மண்ணை விட்டு எழும்பாமலே கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு ஆதாரம் ஒரு வாத்தியக்காரரின் துருத்தி என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர் ப்ரூஸ் ஆர்ட்விக். அவருடைய முதல் விளையாட்டு 1979-ல் ஆப்பிள் யந்திரத்துக்காக வந்தது. 16 கிலோபைட் நினைவகம். இன்று ஒரு கல்யாணப் பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பினாலே அதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். திரையில் நாலு கோடு, ஒரு மலை, வினாடிக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய சில படங்கள். 1982-ல் மைக்ரோஸாப்ட் அதை எடுத்துக்கொண்டது. வருஷக் கணக்கில் அந்த விளையாட்டு சிகாகோ நகரில் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் என்ற சின்ன விமான நிலையத்தில்தான் ஆரம்பமாகும். உலகமெங்கும் அமெரிக்காவைப் பார்த்திராத பையன்களுக்கெல்லாம் அந்த ஓடுபாதை மனப்பாடம். 2003 மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி நகர மேயர் புல்டோசர்களை அனுப்பி நிஜ ஓடுபாதையைக் கொத்திப்போட்டார். பழைய விளையாட்டு வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கும் அங்கே போய் இறங்குகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தது 2020-ல் வந்த பதிப்பு. அதில் உலகம் முழுவதும் இருக்கிறது. செயற்கைக்கோள் எடுத்த படங்களை இன்டர்நெட் வழியாகப் பறக்கப் பறக்க இறக்கிக்கொண்டு, வீடுகளையும் மரங்களையும் யந்திரமே ஊகித்து நட்டுக்கொண்டு போகிறது. ஊகம் சில சமயம் வேடிக்கையாகப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் ஒரு புறநகரில், யாரோ வரைபடத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாடி என்று எழுதுவதற்குப் பதிலாகக் கை தவறி 212 என்று அடித்துவிட்டார். விளையாட்டு வந்ததும் பார்த்தால், ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒற்றை ஊசி போல 212 மாடிக் கட்டிடம் ஆகாசத்தைக் குத்திக்கொண்டு நின்றது! ஜனங்கள் அதைச் சுற்றிப் பறந்து தரிசனம் செய்தார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் கோபுரத்தை அது சாதாரண அடுக்குமாடி வீடாக நினைத்துக்கொண்டு ஜன்னல் வைத்துக் கட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அந்த விளையாட்டில் அந்த நிமிஷத்து நிஜக் காற்றையே வீசச் சொல்லலாம். அப்பாவைக் கவர்ந்தது அதுதான். "080 டிகிரி, 12 நாட்" என்று திரையில் வாசிப்பார். எழுந்து போய் வாசலில் வேப்பமரம் ஆடுவதைப் பார்ப்பார். "சரியாத்தான் சொல்றான். கடல் காத்து நுழைஞ்சாச்சு" என்று திரும்பி வந்து உட்காருவார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தேதி, நேரம், காற்று எல்லாம் எழுத ஆரம்பித்தார்.

மீனம்பாக்கத்தில் கிழக்கே பார்த்து ஏறுவார். இடது பக்கம் பறங்கிமலை வரும். அடையாற்றைப் பார்த்துக்கொண்டே கடலுக்குப் போவார். கடலுக்கு மேலே எல்லாம் சுகம். திரும்பித் தாம்பரம் பக்கமாகச் சுற்றி வந்து, அனகாபுத்தூர், பம்மல் வீட்டுக் கூரைகளுக்கு மேல் தாழ்ந்து ஓடுபாதைக்கு நேராக வரும்போதுதான் சனியன் பிடிக்கும். விமானம் மூக்கை மேலே தூக்கும், கீழே குத்தும், மறுபடி தூக்கும். கடைசியில் ஏதாவது ஒரு கூரைமேல் போய் உட்காரும்.

"கை போச்சுடா" என்றார் ஒரு நாள். குரலில் வருத்தம்கூட இல்லை. வெயில் 40 டிகிரி என்று எழுதுகிற மாதிரி சொன்னார். அன்று சாயங்காலம் செக் புஸ்தகத்தைக் கொண்டுவந்து ஸ்கூட்டர் சாவி வைத்த அதே மேஜையில் வைத்தார். "இனிமே நீயே எல்லாத்தையும் பாத்துக்கோ. பாங்கிலே எழுதிக் கொடுத்துடலாம்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கை நடுங்குகிற கை அல்ல. அரை மணி நேரத்தில் மூன்று தடவை அதே கூரைகளின்மேல் நானும் விழுந்தேன்.

நாலாவது தடவைதான் கையைக் கவனிக்காமல் திரையைக் கவனித்தேன். ஸ்டிக்கை இழுக்கிறேன், விமானம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். படம் ஒரு கணம் அப்படியே நின்று, சடாரென்று குதித்து, இரண்டு இழுப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. பயந்து முன்னால் தள்ளினால் அதே கதை தலைகீழாக. சின்ன விமானம் இறங்க வருகிற வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர், வினாடிக்கு 33 மீட்டர். படம் அரை வினாடி நின்றுவிட்டால் விமானம் பதினாறு மீட்டருக்கு மேல் குருடாகப் போய்விடுகிறது. தியோடலைட்டின் திருகைத் திருப்பி அரை வினாடி கழித்துத்தான் குழாய் நகரும் என்றால் எந்த மகானுபாவனால் பலூனைப் பிடிக்க முடியும்?

குற்றம் கம்ப்யூட்டரில். இதை உடனே அப்பாவை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சரிசெய்து காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு எதையும் கடைசி அத்தியாயத்துக்கு ஒத்திப்போடுகிற புத்தி உண்டு. அந்தப் புத்தியால் அப்பாவுக்கு இன்னும் மூன்று வாரம் போயிற்று.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டியிருக்கிற அந்தத் தெருவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒயரிலும் பெட்டியிலும் இடறாமல் நடக்க முடியாது. ஒரு கடையில் என் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "கிராபிக்ஸ் கார்டு பழசு சார், மாத்தினா ராக்கெட் மாதிரி போகும்" என்றார் கடைக்காரர். என் யந்திரம் என்ன யந்திரம் என்றுகூட அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்திருந்த முழுத் தொகையும் அந்தக் கார்டுக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து மாட்டினேன். கடலுக்கு மேலே ராக்கெட் மாதிரிதான் போயிற்று. அனகாபுத்தூர்க் கூரைகளுக்கு வந்ததும் அதே நொண்டி.

வெட்கத்தை விட்டு, பெங்களூரில் இருக்கும் தங்கை பையனுக்குப் போன் செய்தேன்.

"மாமா, வாங்கறதுக்கு முன்னாடி எது தடுக்குதுன்னு பாத்தீங்களா?" என்றான்.

"எது தடுக்கும்? மெஷின் மெதுவாப் போறது."

"மெஷின்னு ஒண்ணு இல்லை மாமா. உள்ளே நாலு பேர் வேலை செய்யறாங்க. யாருக்காக யார் காத்திருக்காங்கன்னு பாக்கணும்."

விளையாட்டுக்குள்ளேயே அதைக் காட்டுகிற ஒரு சின்னப் பலகை இருக்கிறது. அதை எப்படித் திறப்பது என்று சொன்னான். திறந்தேன். வினாடிக்கு எத்தனை படம் என்று ஒரு எண். கடலுக்கு மேல் 50, பம்மலுக்கு மேல் 17. அதற்குக் கீழே, தடுப்பது யார் என்று ஒரு வரி. அந்த வரியில் கிராபிக்ஸ் கார்டின் பெயர் இல்லை. பிராசஸரின் பெயர் இருந்தது. அதிலும் முழு பிராசஸர் அல்ல. அதன் ஆறு கூறுகளில் பிரதான வேலையைச் செய்கிற ஒன்றே ஒன்று.

எனக்கு இது கல்யாணச் சமையல் கட்டை வைத்துத்தான் புரிந்தது. பிராசஸர் சமையல்காரர். கிராபிக்ஸ் கார்டு பரிமாறுகிறவர். விமானம் எங்கே இருக்கிறது, காற்று அதை எப்படித் தள்ளுகிறது, எதிரே எந்த வீடு வர வேண்டும் என்று சமைத்துக் கொடுக்கிறவர் ஒருவர்; அதை இலையில் வண்ணமாகப் போடுகிறவர் இன்னொருவர். அடுப்பிலிருந்து சோறு இறங்கவில்லை என்றால், பந்தியில் பத்துப் பேரைக் கூடுதலாக நிறுத்தி என்ன பிரயோஜனம்? வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் நாவலை விற்று வாங்கினது அப்படி ஒரு வாளிக்காரரை. சமையல்காரர் ஆறு பேர் இருக்கிறார்களே என்றால், ஐந்து பேர் காய் நறுக்கலாம். ரசத்துக்கு உப்புப் பார்க்கிறவர் ஒருவர்தான். அவர் சொன்னால்தான் பந்திக்குப் போகும்.

ஆகவே செய்ய வேண்டியது, அந்த ஒருவருடைய தலைச்சுமையை இறக்குவது. எத்தனை தூரம் வரைக்கும் வீடு, மரம், மேடு பள்ளம் எல்லாம் நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. தங்கை பையன் அதை 200-ல் வைத்துவிட்டுப் போயிருந்தான், நல்ல மனசோடுதான். அதை இறக்கப் போனபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். தூரத்து வீடுகள் மங்கிப்போகுமே என்று தயங்கினேன்.

"பத்து கிலோமீட்டருக்கு மேல் தெரிஞ்சா நாங்க எழுதறதே இல்லை. 9999-ன்னு போட்டு முடிச்சுடுவோம்" என்றார் அப்பா. "மீனம்பாக்கத்திலே மார்கழிக் காலையிலே ரெண்டு கிலோமீட்டர் தெரிஞ்சாலே பெரிசு. இறங்கறவனுக்கு மகாபலிபுரம் எதுக்கு?"

70-க்கு இறக்கினேன். விமான நிலையத்தில் சும்மா ஓடுகிற வண்டிகளையும், ஆகாசத்தில் பேருக்குப் பறக்கிற மற்ற விமானங்களையும் பாதிக்குமேல் குறைத்தேன். விமானத்தின் முன் பலகையிலிருக்கிற சின்னத் திரைகள் அடிக்கடி புதுப்பித்துக்கொள்வதையும் குறைக்கச் சொன்னேன். பம்மலுக்கு மேல் 17 என்றிருந்தது 26 ஆயிற்று. இத்தனைக்கும் ஒரு பைசா செலவில்லை. மேகத்தையும் தண்ணீரின் பளபளப்பையும் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். அது பரிமாறுகிறவருடைய வேலை, அவர்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, இருக்கட்டும் என்றான் பையன். அதனால் மேகம் பிழைத்தது. அப்பாவுக்கும் மேகம் வேண்டும்.

இருந்தும் விளையாட ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆனதும் எல்லாம் மறுபடி தளர்ந்தது. அது அக்கினி நட்சத்திர சமயம். பிராசஸரின் சூடு எத்தனை என்று பார்க்கச் சொன்னான் பையன். 97 டிகிரி! தண்ணீர் கொதிப்பதற்கு மூன்றே டிகிரி பாக்கி. அந்தச் சூட்டை எட்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். நம்மைவிடப் புத்திசாலி.

பெட்டியைத் திறந்து பார்த்தவுடன் எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆறு வருஷம் அதை ஒருவரும் திறந்ததில்லை. விசிறியின் இதழ்களில் கம்பளி போலத் தூசி. அதற்கு அடியில் பல்லி முட்டை ஓடுகள் மூன்று. நான் கம்ப்யூட்டரை வைத்திருந்தது கூடத்து மர அலமாரிக்குள். மேல் தட்டில் அம்மாவின் படம். தினமும் சாயங்காலம் அப்பா அங்கே ஊதுவத்தி ஏற்றி, கற்பூரம் காட்டுவார். காற்றை உள்ளே இழுக்கிற விசிறி அந்தப் புகையை எல்லாம் இழுத்து, தூசியோடு சேர்த்து, கறுப்பு மெழுகாகப் பூசி வைத்திருந்தது. பிரஷ்ஷாலும் ஊதுகுழலாலும் ஒரு மணி நேரம் துடைத்தேன். பிராசஸருக்கும் அதன்மேல் உட்காருகிற உலோகத் துண்டுக்கும் நடுவே ஒரு பசை உண்டு. அது காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டிவிட்டுப் புதுப் பசை ஒரு பட்டாணி அளவு வைத்தேன். பெட்டியை அலமாரியை விட்டு வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். அம்மாவின் படம் இருந்த இடத்திலேயே இருந்தது. 97 என்றிருந்த சூடு 78-க்கு வந்தது.

திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 16 ஜிகாபைட் நினைவகம் என்று வாங்கியிருந்தேன். இரண்டு துண்டாகப் போட வேண்டியதை ஒரே துண்டாக மாட்டியிருந்தார்கள். இரண்டு வழிகள் இருக்க, ஒரு வழியை அடைத்துவிட்டு எல்லோரையும் மறு வழியாகவே போகச் சொன்ன கதை. இன்னொரு துண்டு வாங்கி, எந்தப் பள்ளத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போட்டேன். விளையாட்டைச் சுழலுகிற பழைய தட்டிலிருந்து எடுத்து, சுழலாத புதுவகை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினேன். அதனால் படங்களின் எண்ணிக்கை கூடாது. ஆனால் புதிதாக ஒரு ஊர் எதிரே வரும்போது படம் விக்கிக்கொண்டு நிற்பது குறையும். குறைந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு அந்தக் கார்டின் விலையில் ஆறில் ஒரு பங்கு. இதை இங்கே எழுதும்போதும் வயிறு எரிகிறது.

இப்போது பம்மலுக்கு மேல் 34, சில சமயம் 45, திரும்பி 36. பிரமாதம் என்று பையனுக்குச் சொன்னேன். "முப்பதிலே கட்டிப் போடுங்க மாமா" என்றான்.

பாடுபட்டு ஏற்றினதைக் கட்டிப்போடுவதா?

"ஏறி இறங்கறதுதான் மாமா கையைக் கெடுக்கும். எத்தனைங்கறது அப்புறம்."

சங்கீதம் கேட்கிற காதுள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலப்பிரமாணம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு வித்வான் விளம்பத்தில் ஆரம்பித்து அதை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டு போனால் நம் கை தானாகத் தொடையில் தாளம் போடும். அவரே ஓடி ஓடி நின்றால் கை தடுமாறும். திரை வினாடிக்கு அறுபது தடவை துலங்குகிறது. முப்பது படம் என்றால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு துலக்கத்துக்கு நிற்கும். நாற்பது என்றால் ஒன்று ஒரு துலக்கம், அடுத்தது இரண்டு என்று நொண்டும். முப்பதில் கட்டினேன். படம் எண்ணெய் விட்ட மாதிரி ஓடிற்று.

அன்று மத்தியானம் அப்பாவை உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். மெஷின்தான் தப்பு செய்தது, அவர் கை அல்ல என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கிழக்கே ஏறினார், கடலுக்குப் போனார், திரும்பினார். பம்மல் வந்தது. விமானம் தூக்கிக் குத்தவில்லை. அப்படியே தாழ்ந்து ஓடுபாதையைத் தொட்டது. ஆனால் நடுக்கோட்டில் அல்ல. கடைசி வினாடிகளில் இடப்பக்கம் ஒதுங்கி, கிட்டத்தட்ட ஓரத்துக்கு வந்துவிட்டது. மறுபடி செய்தார். மறுபடி இடது. அடுத்த தடவையும் இடது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் நொண்டல் போன பிறகு, அதற்கு அடியில் ஒளிந்திருந்த நடுக்கம் தனியாகத் தெரிந்தது. முன்பு எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தபோது, பாதிப் பொய்யாவது சொல்லிக்கொள்ளலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

அப்பா தூங்கப் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டிக் கொஞ்சம் ஆடினால் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி விளையாட்டில் ஓர் அமைப்பு இருக்கிறது. சிறிய அசைவுகளை மழுக்கி, பெரிய அசைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதைத் தாராளமாகவே திருகி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா நடுக்கோட்டில் இறங்கினார். நான் காப்பியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "பேஷ்!" என்றேன். அவர் திரும்பவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதவும் இல்லை. மறுபடி ஏறிச் சுற்றி வந்து இறங்கினார். நடுக்கோடு.

"என்னடா பண்ணினே?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலையே."

"குறுக்குக் காத்து எட்டு நாட் இருக்கு. நான் கையை ஆட்டறேன், அது ஆடமாட்டேங்குது. என்ன பண்ணினே?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் ஒரு காலத்தில் ஒரு ஆசாமி இருந்தானாம். ராத்திரி டியூட்டியில் எழுந்து வெளியே போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, முந்தின மணியின் காற்றையே திரும்ப எழுதி வைத்துவிடுவானாம். பெரும்பாலும் சரியாகவே இருக்குமாம். அந்த ஆசாமியைப் பற்றி அப்பா நாற்பது வருஷத்தில் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பெயரைச் சொல்லவில்லை.

"எடுத்துடு" என்றார்.

எடுத்தேன். பழையபடி ஏறினார். கடல் காற்று நுழைந்திருந்தது. பம்மலைத் தாண்டி, தாழ்ந்து, தொட்டார். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் நல்ல தூரம், ஆனால் ஓடுபாதையின்மேல். நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: "080/11. தொடும்போது 58. இடது, 12 மீட்டர்." கீழே கோடு போட்டார்.

"அந்த செக் புஸ்தகத்தை எங்கே வெச்சே?" என்று கேட்டார்.

மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வீட்டு வரி கட்ட வேண்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தொகையை எண்ணால் எழுதி, எழுத்தால் எழுதி, கையெழுத்துப் போட்டார். இரண்டு இடத்தில் எழுத்து கோணிற்று. மறுநாள் நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.